கரண்ட் வைக்கும்போது தூர எண் மாறுவது பிழையா?

கேள்வி (பாம்பன்)

வணக்கம். என் அம்மாவுக்கு இடது மார்பில் கட்டியை அகற்றிய பிறகு, மதுரையில் கதிர்வீச்சுச் சிகிச்சை, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் 'கரண்ட்', வைத்துக்கொண்டிருக்கிறோம். மொத்தம் 15 நாளில் 40 கிரே (கதிர் அளவின் அலகு) என்று சொன்னார்கள்; ஆறு நாள் முடிந்துவிட்டது. அம்மாவைப் படுக்கையில் ஏற்றிவிட நான் உள்ளே போகும்போது, தோலின்மேல் விழும் ஒளியில் ஓர் எண்ணைப் பார்க்கிறேன். மார்பின் நடுப்பக்கம் 93, இயந்திரம் சுற்றி அக்குள் பக்கம் போனதும் 91. நேற்று முதல் எண்ணே 92 என்று காட்டியது. உடனே படுக்கையைச் சற்று இறக்கினார்கள். இயந்திரம் ஒன்றுதான் என்னும்போது தூரம் எப்படி மாறும்? முன்னால் இருக்கும் மார்புக்கு நேர் மேலிருந்து பாய்ச்சாமல் ஏன் சாய்த்துப் பாய்ச்சுகிறார்கள்? வீட்டில் பேரக்குழந்தையை அவர் அருகில் விடலாமா?

பதில் 1 (கீழக்கரை, மருத்துவ இயற்பியலாளர்)

குழந்தை தாராளமாக மடியில் உட்காரலாம். இது வெளியிலிருந்து பாய்ச்சப்படும் கதிர். இயந்திரம் நின்றதும் உடலில் எதுவும் தங்குவதில்லை.

எண்ணுக்கு வருகிறேன். கதிர் புறப்படும் புள்ளிக்கும் இயந்திரம் சுழலும் மையத்துக்கும் இடையே எப்போதும் 100 செ.மீ. அந்த மையத்தை அம்மாவின் மார்புக்குள் பொருத்தியிருக்கிறார்கள். ஒளி காட்டுவது தோல் வரையிலான தூரம் மட்டுமே. ஆகவே 93 என்றால் மையம் அந்தத் திசையில் 7 செ.மீ ஆழத்திலும், 91 என்றால் 9 செ.மீ ஆழத்திலும் இருக்கிறது. இரு எண்களும் வேறுபடுவதே இயல்பு; ஒவ்வொன்றும் தினமும் அதே எண்ணாக வர வேண்டும், அவ்வளவுதான்.

நேர் மேலிருந்து பாய்ச்சினால் கதிர் மார்போடு நிற்காது. 6 மெகாவோல்ட் எக்ஸ் கதிர் தோலுக்கு ஏறத்தாழ 1.5 செ.மீ கீழே உச்சத்தை எட்டி, 10 செ.மீ ஆழத்திலும் மூன்றில் இரண்டு பங்கு வலுவோடு போகும். அந்த வழியில் நுரையீரலும், இடப்பக்கம் என்பதால் இதயமும் இருக்கின்றன. சாய்வாக விலாவை உரசிக்கொண்டு போகும்படி அமைத்தால், மார்பு முழுவதும் கதிருக்குள் வரும், நுரையீரலில் ஒரு மெல்லிய விளிம்பு மட்டுமே அகப்படும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வைத்தால் நுழையும் பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆகும் என்பதால்தான் எதிர்ப்பக்கத்திலிருந்தும் வைத்துச் சமன் செய்கிறார்கள். அந்த இரு கற்றைகளும் சரியாக 180 டிகிரியில் எதிரெதிராக இருக்கமாட்டா. இரவில் ஈர மணலில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளி போகப் போக விரியும், கதிரும் அப்படித்தான். அந்த விரிவு நுரையீரலுக்குள் போகாமல், இரண்டின் பின்விளிம்பும் ஒரே கோட்டில் விழ, கோணத்தைச் சில டிகிரி திருத்துவோம்.

நேற்றைய 92-இல் படுக்கை 1 செ.மீ உயர்ந்திருந்திருக்கலாம். தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாக டோஸ், அதாவது உடலில் விழும் கதிர் அளவு, மாறும் என்பதால், 100 செ.மீ-க்கு 1 செ.மீ விலகினால் ஏறக்குறைய 2 விழுக்காடு வித்தியாசம். என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய சங்கதி விளிம்பு நகர்வதுதான்: உடல் உயர்ந்தால் அந்த மெல்லிய விளிம்பு தடித்து, கூடுதல் நுரையீரல் உள்ளே வரும். எண்ணைப் பார்த்துப் படுக்கையை இறக்கியவர்கள் தவறு செய்யவில்லை, திருத்தினார்கள்.

பதில் 2 (தொண்டி)

தம்பி, எனக்கும் மூன்றாண்டுக்கு முன் இதே சிகிச்சைதான். தோலில் வரைந்த கோடு வியர்வையில் மங்கினால் வீட்டில் பேனாவால் நீங்களே வரைந்துவிடாதீர்கள். நான் அப்படி வரைந்துகொண்டு போய், அன்று முழுவதையும் மறுபடி அளந்தார்கள்.

கேட்டவர்

நன்றி ஐயா, நன்றி அக்கா. அம்மா சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகிறவர்; எப்போது கடலில் இறங்கலாம் என்று தினமும் கேட்கிறார். இன்று படுக்கை சரியாக இருந்தும் 92, 90 என்றே காட்டியது.

பதில் 1

இரு பக்கமும் சேர்ந்து குறைந்தால் அது படுக்கை அல்ல, 7-உம் 9-உம் சேர்ந்து 16 செ.மீ-ஆக இருந்த தடிமன், 8-உம் 10-உம் சேர்ந்து 18 ஆகியிருக்கிறது. மார்பு வீங்கியிருக்கலாம், அறுவை செய்த இடத்தில் நீர் கோத்திருக்கலாம். நாளைக் காலை கதிர் வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் இதைச் சொல்லுங்கள். தேவைப்பட்டால் மீண்டும் சி.டி. எடுத்துத் திட்டத்தை மாற்றுவார்கள். கடலைப் பொறுத்தவரை, சிகிச்சை முடிந்து தோலின் சிவப்பும் உரிதலும் ஆறும்வரை உப்பு நீர் வேண்டாம்.