முன்கூட்டியே குண்டு வீசினால் அணுகுண்டுத் திட்டம் நிற்குமா?

கேள்வி: கோட்டூர்புரம் வாசகி

மாதம் ஒரு முறை கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் சென்ற ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய விவாதம் பாதியிலேயே நின்றுபோயிற்று. ஒரு நாடு இரகசியமாக அணுகுண்டு செய்கிறது என்று இன்னொரு நாட்டுக்குச் சந்தேகம் எழுந்தால், அது தயாராகும் முன்பே அங்குள்ள அணு உலையையோ, யுரேனியத்தைக் குண்டுக்கு ஏற்றபடி செறிவூட்டும் கூடத்தையோ தாக்கி அழிப்பதால் பயன் உண்டா என்பதுதான் பேசுபொருள்.

ஆதரித்தவர்கள், 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலின் எட்டு எஃப்-16 விமானங்கள் பாக்தாத்துக்கு அருகே துவைதாவில் இருந்த ஒசிராக் உலையைத் தகர்த்ததை எடுத்துக்காட்டி, அது நடக்காமல் போயிருந்தால் 1991 வளைகுடாப் போரில் சதாம் உசேன் கையில் அணுகுண்டு இருந்திருக்கும் என்றார்கள். எதிர்த்தவர்களோ, பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லி 2003இல் இராக் மீது அமெரிக்கா போர் தொடுத்துவிட்டு, நாடு முழுவதும் தேடியும் வெறுங்கையோடு நின்ற கதையைச் சொன்னார்கள். இரு தரப்பும் இராக்கையே சாட்சிக்கு அழைத்ததில் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. அடுத்த கூட்டத்தின் தொடக்கவுரை வேறு என் தலையில் விழுந்திருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது, ஒசிராக்குக்குப் பின் இராக்கில் என்ன நடந்தது, 2025இல் ஈரான் மீது நடந்த தாக்குதல்களை அதோடு ஒப்பிடலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: மயிலாப்பூரிலிருந்து, சட்டம் கற்பிப்பவர்

உங்கள் வட்டத்தில் இரண்டு வெவ்வேறு செயல்களை ஒரே பெயரால் அழைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எதிரி படை திரட்டி எல்லைக்கு வந்துவிட்ட நிலையில் அவன் அடிப்பதற்குள் நாம் அடிப்பது ஒன்று; சில ஆண்டுகள் கழித்து அவனுக்கு அந்த வலிமை வந்துவிடுமோ என்று அஞ்சி இன்றே அடிப்பது மற்றொன்று. முன்னதற்கு, நாடுகளின் நெடுநாள் நடைமுறையால் உருவான வழக்காற்றுச் சட்டத்தில் ஓரளவு இடம் உண்டு. 1837இல் கரோலைன் என்ற அமெரிக்க நீராவிப் படகைக் கனடாவிலிருந்து வந்த பிரித்தானியப் படையினர் நயாகரா ஆற்றில் கொளுத்திவிட்டார்கள்; அது குறித்துச் சில ஆண்டுகள் கழித்து அமெரிக்க வெளியுறவுச் செயலர் டேனியல் வெப்ஸ்டர் வகுத்த அளவுகோலைத்தான் இன்றும் வகுப்பில் கற்பிக்கிறோம்: ஆபத்து அந்த நொடியில் தலைக்கு மேல் நிற்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க நேரமோ இருக்கக் கூடாது. ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு இதைவிடவும் கறாரானது. ஆயுதத் தாக்குதல் நிகழ்ந்தால்தான் தற்காப்பு உரிமை பற்றியே அது பேசுகிறது.

இன்னும் இயங்கத் தொடங்காத ஓர் உலை இந்த அளவுகோலுக்குள் வராது. அதனால்தான் பாதுகாப்பு சபை 1981 ஜூன் 19 அன்று 487ஆம் தீர்மானத்தின் மூலம் ஒசிராக் தாக்குதலை ஒருமனதாகக் கண்டித்தது. அமெரிக்காவும் ஆதரவாகவே வாக்களித்தது. பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் ஒரு பகுதி அதில் உண்டு. இராக் அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் உறுப்பு நாடு, இஸ்ரேல் உறுப்பு நாடு அல்ல. ஆகவே இஸ்ரேல் தன் அணு நிலையங்களைச் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்கு உட்படுத்த வேண்டும் என்றும் அந்தத் தீர்மானம் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டதோடு சரி.

பதில் 2: ராயபுரம்காரர்

சட்ட ஆசிரியர் மீது மரியாதை உண்டு, ஆனாலும் உடன்பட முடியவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் நம் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். பீரங்கிக் குண்டு விழுந்த பிறகு யோசிக்க நகரம் மிஞ்சும். அணுகுண்டு விழுந்த பிறகு மிஞ்சுமா?

எல்லோரும் ஒசிராக்கிலேயே நின்றுவிடுகிறீர்கள். 2007 செப்டம்பர் 6 அன்று சிரியாவில் தேர் எஸ்ஸோர் அருகே அல் கிபார் என்ற இடத்தில் ஒரு கட்டடத்தை இஸ்ரேல் தகர்த்தது. அது அணு உலையாக இருந்திருக்கவே வாய்ப்பு மிக அதிகம் என்று அணுசக்தி முகமையே 2011இல் அறிக்கை தந்தது. சிரியா மறுபடி கட்டவில்லை. 2014இல் அந்த வட்டாரம் ஐ.எஸ். தீவிரவாதிகள் கைக்குப் போனது. உலை அங்கே நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் உங்கள் தொடக்கவுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா.

பதில் 3: ஓய்வு பெற்ற பொறியாளர், பெசன்ட் நகர்

ராயபுரம் நண்பர் சொன்ன சிரியா உதாரணம் வலுவானது. அதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஆனால் அது ஏன் பலித்தது என்று பார்க்க வேண்டும். அல் கிபாரில் இருந்தது, வட கொரியாவின் யோங்பியோன் உலையை ஒத்த ஒரே ஓர் உலை. சொந்தமாக இன்னொன்று கட்டும் ஆள்பலமோ தொழில்நுட்பமோ சிரியாவிடம் இல்லை.

இராக்கின் நிலை வேறு. ஒசிராக், பிரான்சு விற்ற 40 மெகாவாட் ஆராய்ச்சி உலை. பிரெஞ்சுத் தொழில்நுட்பர்களும் முகமையின் ஆய்வாளர்களும் வந்து போகும் இடம். அது போனதும் சதாம் திட்டத்தைக் கைவிடவில்லை. வெளியார் கண்ணில் படாத யுரேனியச் செறிவூட்டல் பக்கம் முழுமூச்சாகத் திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தன் அணுகுண்டுக்காக ஓக் ரிட்ஜில் பயன்படுத்திக் கைவிட்ட, காந்தத்தின் உதவியால் யுரேனியத்தைச் செறிவூட்டும் மின்காந்தப் பிரிப்பு முறையைப் பழையது என்று எல்லோரும் மறந்திருந்த நேரத்தில், இராக் அதைத்தான் எடுத்துக்கொண்டது. 1991 ஜூனில் பல்லூஜா அருகே அந்தக் கருவிகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு தப்ப முயன்றபோது ஆய்வாளர்கள் படம் எடுத்துவிட்டார்கள். இராக்கியக் காவலர்கள் வானை நோக்கிச் சுட்டார்கள். பத்து ஆண்டுகளாக நடந்த வேலை, போரில் தோற்ற பிறகுதான் முழுதாக வெளியே வந்தது. ஒசிராக் குண்டுவீச்சு சதாமை நிறுத்தியது என்பவர்கள் இந்தப் பத்தாண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பணியின் தொடக்கத்தில் நான் இராஜஸ்தானில் ராவத்பாட்டாவில் இருந்தேன். அங்கு முகமையின் கண்காணிப்பு உண்டு. ஆய்வாளர் ஒருவர் முகமையின் தலைமையகம் உள்ள வியன்னாவிலிருந்து வந்து, நாணயம் அளவில் உள்ள உலோக மூடி கொண்ட ஒரு சீலைக் கம்பியில் கோத்துப் பூட்டிவிட்டுப் போவார். மூடியின் உட்புறத்தில் தாறுமாறாகக் கீறல்கள் இருக்கும். பூட்டுவதற்கு முன் அதைப் படம் எடுத்திருப்பார்கள். பின்னொரு நாள் கழற்றி எடுத்துப்போய்க் கீறலுக்குக் கீறல் ஒப்பிடுவார்கள். முதலில் எங்களுக்கு இது அவமானமாகப் பட்டது, ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஆனால் ஒரு நாட்டிடம் எத்தனை கிலோ எந்த அறையில் இருக்கிறது என்பதை உலகம் அறிவது இந்தச் சில்லறை உலோகத்தாலும் ஒரு கேமராவாலும்தான்.

இதை மனத்தில் வைத்து ஈரானைப் பாருங்கள். கோம் நகருக்கு அருகே மலைக்கடியில் போர்டோ கூடத்தை அவர்கள் குடைந்ததற்கு ஒசிராக்கின் பாடமும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. வல்லரசுகளோடு ஈரான் செய்துகொண்ட 2015 அணு உடன்பாட்டின்படி, யுரேனியத்தை 3.67 விழுக்காட்டுச் செறிவில் 300 கிலோவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2018இல் அமெரிக்கா விலகியது. 2021இல் ஈரான் 60 விழுக்காட்டைத் தொட்டது. 2025 ஜூன் 22 அன்று போர்டோ, நத்தன்ஸ், இஸ்பகான் ஆகியவற்றை அமெரிக்கா தாக்கியபோது, தலா ஏறத்தாழ 13,600 கிலோ எடையுள்ள பதினான்கு குண்டுகளைப் பி-2 குண்டுவீச்சு விமானங்கள் வீசின. அதற்குச் சற்று முன்வரை 60 விழுக்காட்டுச் சரக்கு சுமார் 440 கிலோ என்று முகமையால் கணக்குச் சொல்ல முடிந்தது. அடுத்த மாதமே முகமையோடு ஒத்துழைப்பதை ஈரான் நிறுத்தியது. செறிவூட்டப் பயன்படும் மையவிலக்குக் கருவிகள் நொறுங்கியிருக்கும், மறுக்கவில்லை. கணக்கும் அதோடு சேர்ந்து போயிற்று.

கோட்டூர்புரம் வாசகி

அனைவருக்கும் நன்றி. பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. ஆய்வாளர்களை மீண்டும் உள்ளே விட்டால் தொலைந்த கணக்கை மீட்க முடியாதா? எங்கள் வட்டத்தில் நிச்சயம் கேட்பார்கள்.

பெசன்ட் நகர் பொறியாளர்

ஓரளவு முடியும், அம்மா. அல் கிபாரையே எடுத்துக்கொள்ளுங்கள். இடிபாடுகளை அகற்றி, மண்ணை நிரவி, மேலே புதுக் கட்டடமும் எழுப்பிய பிறகுதான் 2008 ஜூனில் ஆய்வாளர்களைச் சிரியா உள்ளே விட்டது. அப்படியும் அவர்கள் எடுத்த மாதிரிகளில் யுரேனியத் துகள்கள் அகப்பட்டன. அந்தத் துகள், இங்கே யுரேனியம் இருந்தது என்று சொல்லும். எத்தனை கிலோ இருந்தது, அது எந்த லாரியில் ஏறி எங்கே போனது என்று சொல்லாது.