துணியில் முகம் தைத்தவர்களே, உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

கண்டாங்கி:
போன மாதம் அப்பத்தாவின் தலைத்திவசத்துக்கு அவர் முகத்தைத் தைத்துக் கொண்டுபோனேன். தையல் மெஷினில் துணியை அழுத்தும் ஃபுட்டைக் கழற்றி, அடியில் துணியைத் தள்ளும் பல்லை இறக்கி, துணி மாட்டிய வளையத்தை நாமே நகர்த்தி ஓட்டும் வேலைதான், உங்களுக்குத் தெரியாததில்லை. முகத்தை அப்பத்தா கட்டிய கண்டாங்கியிலேயே வெட்டினேன். அரக்குக் கட்டத்தில் அவர் நிறம் அப்படியே வந்து உட்கார்ந்தது. நரைமுடி இரண்டே இரவில் முடிந்தது. கடைசியாகக் கண். இடது இமைக்குக் கறுப்பு நூலில் ஒரு கோடு போதும் என்று மனசு சொன்னது, கை கேட்கவில்லை. இன்னும் மூன்று கோடு ஓட்டினேன். கடைசிக் கோட்டில் ஊசி ஒடிந்தது.

படையலுக்கு முன்னால் அத்தை பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க அம்மா யாரையும் இப்படி முறைச்சதில்லையே" என்றார். படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். அன்று இரவே பிரித்தேன். நூல் வந்துவிட்டது, ஆனால் கண்ணில் வரிசையாகத் துளைகள். பீரோவில் கிடக்கிறது.

மிதிமெஷின்:
என்னுடையது அம்மாவுக்குச் சீதனமாக வந்த கால்மெஷின். பல்லை இறக்க வழியே கிடையாது. பழைய விசிட்டிங் கார்டில் ஊசிக்கு ஓட்டை போட்டு, பல்லின்மேல் வைத்து டேப் ஒட்டினேன். மகளின் முகம் மூக்குவரை வந்துவிட்டது. பின்பக்கம் திருப்பினால் காக்கைக் கூடு! ஃபுட் இல்லையே என்று அதன் பிடியை இறக்காமலே தைத்திருக்கிறேன். பிடி இறங்காவிட்டால் மேல்நூலை இறுக்கிவைக்கும் டென்ஷன் பிடிக்காது, அவ்வளவும் அடியில் போய்ச் சிக்கிவிடும். கத்தரியால் அந்தச் சிக்கை வெட்டும்போது மூக்கும் சேர்ந்து போனது. வீட்டுக்கு யார் வந்தாலும் "எனக்கு மூக்கறுத்தது எங்க அம்மாதான்" என்று மகள் இன்றும் காட்டுகிறாள்.

நிழல்:
கண்டாங்கிக்கு. தப்பு கண்ணில் இல்லை. நெருக்கித் தைத்தால் துணி உள்ளே இழுக்கும், கன்னம் சுருங்கினால் இமையும் இறங்கி முறைக்கத்தான் செய்யும். துணி சுருங்காமல் தாங்க அடியில் கேன்வாஸ் வைத்தீர்களா? எனக்கும் தாத்தாவின் தாடை ஒரு விரற்கடை மேலே ஏறிவிட்டது, அதை விடுங்கள்.

முதலில் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக்கி நான்கைந்து நிழலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு நிழலுக்கும் ஒரு துணி. பாதி முகத்தைத் துணியே கொண்டுவந்துவிடும், நூல் அப்புறம்தான். தையல் கன்னத்தின் வளைவோடு, நடுவிலிருந்து வெளியே போகட்டும். கையை வெடுக்கென்று இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் இடித்து ஒடியும். கண்ணுக்கு முழுக் கறுப்பு வேண்டாம், கரும்பழுப்பு போதும். வெள்ளைப் புள்ளி கடைசியில். நடுநடுவே மெஷினை விட்டு எழுந்து பத்தடி தள்ளி நின்று பாருங்கள்.

நிறம் பொருந்த வேண்டும் என்பதும் வெறும் பழக்கம். அமெரிக்காவில் பிசா பட்லர் கறுப்பின மக்களின் பழைய புகைப்படங்களைப் பார்த்து ஆளுயரத்துக்குத் துணியில் உருவம் செய்கிறார். முகங்களில் நீலமும் ஊதாவும் ஆரஞ்சும்தான். சிகாகோ கலைக்கூடத்தில் 2020-21இல் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. வெளிச்சமும் இருட்டும் அதனதன் இடத்தில் இருந்தால் எந்த நிறத்திலும் முகம் வரும்.

ஊதாக்கன்னம்:
நிழல், இந்த மாதிரிப் பேச்சை நம்பித்தான் அம்மாவின் கன்னத்துக்கு ஊதா வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இடத்தை விரலால் தடவி, "யாருடி என்னை அடிச்சது?" என்றார். பட்லர் முகம் முழுவதையும் அப்படிச் செய்கிறார், ஒரு கன்னத்தில் மட்டும் வைத்தால் அது காயம்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கண்டாங்கி, உங்கள் சேலை பருத்திதானே? பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, நகத்தால் இழைப்போக்கில் நீவிவிடுங்கள். இழை நகர்ந்து துளை மூடும். பட்டாக இருந்தால் சொல்லியே இருக்கமாட்டேன்.

கண்டாங்கி:
கேன்வாஸ் வைத்திருந்தேன், நிழல். கேட்காமலே இவ்வளவு சொன்னதற்கு நன்றி.

நேற்று அந்தக் கேன்வாஸைக் கண் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டியெடுத்துவிட்டு நீவிப் பார்த்தேன். பெரும்பாலும் மூடிவிட்டது. ஊசி ஒடிந்த இடத்தில் மட்டும் ஒரு துளை அப்படியே நிற்கிறது, அங்கே இழையே அறுந்திருக்கிறது. இமைக்கு இன்னும் நூல் கோக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அத்தை வருகிறார்.