மைக்ரோகேப்ஸ்யூல் ஓடு ஒரு பக்கம் மெலிந்து உடைகிறது, அளவும் ஆடுகிறது: என்ன செய்யலாம்?

வியாசை_துளி:
வணக்கம். மைக்ரோகேப்ஸ்யூல், அதாவது ஓட்டுக்குள் திரவம் அடைத்த நுண்துளி செய்ய, வியாசர்பாடி லேபில் கண்ணாடி கேப்பிலரி (மயிரிழைக் குழாய்) வைத்து நீர்-எண்ணெய்-நீர் இரட்டை எமல்ஷன் (எண்ணெய்த் துளிக்குள் நீர்த்துளி) ஓட்டுகிறோம். உள்ளே 0.9% உப்பு நீர், சாயம், 2% பிவிஏ (நீரில் கரையும் பாலிவினைல் ஆல்கஹால்). நடுவே எண்ணெயாக, ஒளி பட்டால் உறைந்து ஓடாகும் ஈடிபிடிஏ அக்ரிலேட், அதில் 1% போட்டோஇனிஷியேட்டர் (ஒளியில் உறைதலைத் தொடங்கும் பொருள்). வெளியே 10% பிவிஏ. உள்ளிருக்கும் நீரைச் செலுத்தும் உள்முனை 40 மைக்ரான், துளிகளை வாங்கிக்கொள்ளும் குழாயின் முனை (வாங்கும் முனை) 100. ஓட்டம் உள், நடு, வெளி என்ற வரிசையில் மணிக்கு 500, 500, 4000 மைக்ரோலிட்டர். மூன்றுக்கும் 10 மி.லி. சிரிஞ்சு. பீக்கரில் சேர்த்த பிறகு 365 நானோமீட்டர் விளக்கு காட்டுகிறோம். சராசரி 150 மைக்ரான் வந்தாலும் 120க்கும் 190க்கும் நடுவே ஆடுகிறது. ஓடு ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் வெங்காயச் சருகு மாதிரி. கழுவித் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் பாதி உடைந்து சாயம் வெளியே வந்துவிடுகிறது.

ராயபுரம்_பாலிமர்:
ஓடு மெலிவதற்குக் காரணம் பீக்கர்தான் சார். ஈடிபிடிஏ தண்ணீரைவிட கனம், அடர்த்தி சுமார் 1.11. துளி சும்மா நிற்கும்போது உள்ளே இருக்கும் நீர் மேலே ஏறி ஓட்டின் உச்சியில் ஒட்டிக்கொள்கிறது. அந்த நிலையிலேயே உறைகிறது. வெளியேறும் டியூபிலேயே, துளி ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு காட்டுங்கள்.

உள், நடு ஓட்டம் சமமாக இருந்தால் ஓட்டின் தடிமன் ஆரத்தில் 0.206 பங்கு. 150 மைக்ரான் துளிக்குச் சுமார் 15 மைக்ரான் சீராக வர வேண்டும். நடு ஓட்டத்தை உள்ளோட்டத்தில் மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் 7 மைக்ரான்தான். முதலில் தடிப்பாக ஓட்டிச் சரிபார்த்துவிட்டுப் பிறகு மெலிதாக்குங்கள்.

திருவொற்றியூர்_கேப்பிலரி:
அளவு ஆடுவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். மைக்ராஸ்கோப்பில் முனையை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். பெரிது, சிறிது, பெரிது என்று தாளம் போட்டு வந்தால் சிரிஞ்சைத் தள்ளும் பம்ப்தான் காரணம். 10 மி.லி. சிரிஞ்சில் 500 மைக்ரோலிட்டர் தள்ளும்போது ஸ்டெப்பர் மோட்டார் அடிக்கும் ஒவ்வொரு அடியும் துளியில் தெரியும். உள், நடு ஓட்டங்களுக்கு 1 மி.லி. சிரிஞ்சு போடுங்கள், பிஸ்டன் ஏறக்குறைய 10 மடங்கு வேகமாக நகரும், துடிப்பு அடங்கும். டியூபில் காற்றுக்குமிழி ஒன்று நின்றாலும் இதே கோளாறு வரும்.

தாளமே இல்லாமல் கண்டபடி வந்தால் வாங்கும் முனையில் எண்ணெய் ஒட்டுகிறது. கண்ணாடிக்குப் பூசும் சிலேன் பூச்சைச் சரிபாருங்கள்: உள்முனைக்கு நீரை ஒட்டவிடாத ஆக்டாடெசில் டிரைமெத்தாக்ஸி சிலேன், வாங்கும் முனைக்கு நீரை விரும்பும் பெக்-சிலேன். இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. டிரைகுளோரோ வகை சிலேன் வேண்டாம். நம்ம பக்கம் கடல்காற்று ஈரத்தில் பாட்டிலைத் திறந்தவுடன் வெள்ளையாகப் படிந்துவிடும்.

காசிமேடு_கெம்:
மறுநாள் உடைவது சவ்வூடுபரவல் வேலை, அதாவது கரைசல் அடர்ந்த பக்கம் நோக்கி ஓட்டின் வழியே தண்ணீர் ஏறுவது. உள்ளே 0.9% உப்பு, அதாவது கிட்டத்தட்ட 300 மில்லிஆஸ்மால் (கரைந்த துகள்களின் அளவு). நீங்கள் வைப்பது வெறும் தண்ணீரில். தண்ணீர் உள்ளே ஏற ஏற மெலிந்த இடத்தில் கிழிகிறது. 100 மி.லி.க்கு 5.4 கிராம் குளுக்கோஸ் கரைத்தால் வெளியேயும் அதே அளவு வரும், கேப்ஸ்யூல்களை அதில் சேர்த்து வையுங்கள். கேன் தண்ணி, மெட்ரோ தண்ணி எதுவும் வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். பிவிஏவைக் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்கிவிட்டு அப்புறம் 85 டிகிரிக்கு ஏற்றுங்கள். சுடுநீரில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டும், அந்தக் கட்டி முனையை அடைக்கும்.

வியாசை_துளி:
1 மி.லி. சிரிஞ்சு போட்டதும் தாளம் நின்றது. டியூபில் விளக்கு காட்டினால் 20 நிமிஷத்தில் முனையே அடைகிறதே?

ராயபுரம்_பாலிமர்:
ஒளி கண்ணாடிக்குள்ளேயே ஓடி முனைக்குத் திரும்புகிறது. கேப்பிலரி முழுவதும் கறுப்பு டேப் சுற்றுங்கள், ஈடிபிடிஏ சிரிஞ்சுக்கும் அலுமினிய ஃபாயில். கண்ணாடி முடிந்து ஒளி புகும் டெஃப்லான் டியூப் தொடங்கி 10 செ.மீ. தள்ளி விளக்கு வையுங்கள். அடைத்த முனையைச் சுரண்டாதீர்கள். உறைந்த அக்ரிலேட் அசிட்டோனில் கரையாது, புது முனைதான் இழுக்க வேண்டும்.