ஓஃப்செற் ஸ்மோக்கரில் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது எப்படி?

கேள்வி (கிளிநொச்சி):
இரும்புப் பீப்பாயின் பக்கத்தில் நெருப்புப் பெட்டியை ஒட்டி இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் ஓஃப்செற் ஸ்மோக்கர் ஒன்றை நானே செய்துள்ளேன். பாலை விறகை எரிக்கிறேன். வெப்பம் 90 பாகை செல்சியசுக்கும் 170க்கும் இடையே ஏறி இறங்குகிறது. காற்று வாயை மூடினால் வெண்புகை கிளம்பி ஆட்டுத்தொடை கசந்துவிடுகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

மறுமொழி (மாங்குளம்):
தம்பி, காற்றை அடைத்து நெருப்பை அடக்க முயல்வதே பிழை. ஒட்சிசன் போதாமல் விறகு அரைகுறையாக எரியும்போதுதான் அந்த வெண்புகை எழுகிறது. புகைபோக்கியை முழுமையாகத் திறந்துவிட்டு, முதலில் நல்ல தணல் படுக்கையை உண்டாக்கி, அதன்மேல் மணிக்கட்டுப் பருமனில் பிளந்த ஒரு துண்டை மட்டும் வைத்து, தணல் ஒடுங்குமுன் அடுத்ததை இட்டு வந்தால், 110 முதல் 130 வரை நிற்கும். பாலை அடர்ந்த மரம். பெரிய கொள்ளியாக வைத்தால் உங்களை ஆட்டிப்படைக்கும். அடுத்த துண்டைப் பெட்டியின் மேல் வைத்துச் சூடாக்கினால் உடனே பற்றும்.

மறுமொழி (முல்லைத்தீவு):
மூடியிலுள்ள வெப்பமானியை நம்பாமல் இறைச்சியின் மட்டத்தில் அளந்து பாருங்கள். சோளகக் காற்று நேரே காற்று வாய்க்குள் புகுந்தாலும் நெருப்பு எகிறும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணை. நான் முழுக் கொள்ளியைத்தான் வைத்து வந்தேன்.