சீனன்குடாவிலிருந்து பலாலிக்குக் கச்சான் காற்றில்: என் நேரம் ஏன் விடையோடு ஒத்துவரவில்லை?

உப்புவெளி_மாணவி

உயர்தர இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் படிக்கிறேன். டியூட்டில் (பயிற்சித்தாளில்) இருந்த கணக்கு இது:

சீனன்குடாவிலிருந்து சரியாக வடமேற்கே 180 கிமீ தூரத்தில் பலாலி இருப்பதாகக் கொள்க. காற்று வீசாதபோது விமானத்தின் கதி மணிக்கு 240 கிமீ. மேற்கிலிருந்து மணிக்கு 60 கிமீ கதியில் காற்று (கச்சான்) சீராக வீசுகிறது. நேர்கோட்டில் போகவும் திரும்பிவரவும் எடுக்கும் நேரங்களைக் காண்க.

நான் 240 ஐ வடமேற்காகவும் 60 ஐக் கிழக்காகவும் வரைந்து விளையுள் எடுத்தேன். 240² + 60² − 2 × 240 × 60 × கோசைன் 45° = 40,835. அதன் வர்க்கமூலம் 202.1, ஆகவே 53.4 நிமிடம். திரும்பி வரும்போது 285.6, ஆகவே 37.8 நிமிடம். விடையில் 55.7, 38.8 என்று இருக்கிறது. கணிப்பானில் இரண்டு தரம் போட்டுப் பார்த்தும் அதே எண்கள்தான் வருகின்றன. எந்த அடியில் பிசகுகிறது? யாராவது விளங்கப்படுத்துங்கள்.

திசைகோள்

எண்கள் சரி, படம்தான் பிழை. 240 ஐ வடமேற்காக வரைந்தீர்கள் அல்லவா? அந்த அடியில்தான் பிசகு.

240 என்பது காற்றுச் சார்பாக விமானத்தின் வேகம். அதன் பருமன் மட்டும்தான் தரப்பட்டிருக்கிறது, திசையைத் தரவில்லை. வடமேற்கு என்பது புவி சார்பான வேகத்தின் திசை, அதன் பருமன் தெரியாது. காற்றுக்கு மட்டும் பருமனும் திசையும் இரண்டும் தெரியும். கேள்வியை வாசித்தவுடன் மூன்று வேகங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "பருமன் தெரியும் / தெரியாது, திசை தெரியும் / தெரியாது" என்று குறியுங்கள். இதற்கு அரை நிமிடம் போதும். இதைச் செய்யாமல் முக்கோணி வரையப் போகிறவர்கள்தான் 240 ஐப் பாதைமேல் வைத்துவிடுகிறார்கள்.

சமன்பாடு: வே(விமானம், புவி) = வே(விமானம், காற்று) + வே(காற்று, புவி).

உங்கள் படத்தின்படி விமானி மூக்கை வடமேற்கே பிடித்துக்கொண்டு போனால் காற்று அவரைப் பாதையிலிருந்து 12° வலப்பக்கம் தள்ளிவிடும். 53.4 நிமிடத்தின் முடிவில் 180 கிமீ பறந்திருப்பார், ஆனால் பலாலிக்கு வடகிழக்கே சுமார் 38 கிமீ தள்ளிக் கடலுக்கு மேல் நிற்பார். நீங்கள் கண்டது அந்தப் பயணத்தின் நேரம்.

சரியான வழி: காற்றைப் பாதை வழியேயும் பாதைக்குச் செங்குத்தாகவும் கூறாக்குங்கள். கச்சான் மேற்கிலிருந்து வருகிறது, ஆகவே காற்றின் அம்புக்குறி கிழக்கு நோக்கிப் போகும் (இதை மாற்றிப் போட்டால் போகும் நேரமும் வரும் நேரமும் இடம் மாறிவிடும், மொத்தம் மட்டும் சரியாக வந்து ஏமாற்றும்). பாதை வழியே எதிராக 60 கோசைன் 45° = 42.43. குறுக்கே 60 சைன் 45° = 42.43.

விமானம் கோட்டைவிட்டு விலகக் கூடாது. ஆகவே விமானத்தின் காற்றுசார் வேகத்தின் குறுக்குக் கூறு 42.43 ஆக, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக இருக்க வேண்டும். மூக்கு பாதையிலிருந்து திரும்பும் கோணத்தின் சைன் = 42.43 ÷ 240 = 0.1768, கோணம் 10.2°. பாதை வழியே மிஞ்சும் கூறு √(240² − 1800) = 236.22.

போகும்போது 236.22 − 42.43 = 193.79, நேரம் 55.7 நிமிடம். வரும்போது 236.22 + 42.43 = 278.65, நேரம் 38.8 நிமிடம்.

மூக்கின் திசையையும் கேட்டால்: (வடக்கிலிருந்து வலஞ்சுழியாக அளந்தால்) போகும்போது பாதை 315°, மூக்கு இடப்பக்கம் திரும்பி 304.8°. வரும்போது பாதை 135°, மூக்கு வலப்பக்கம் திரும்பி 145.2°. இரண்டு தடவையும் மூக்கு காற்று வரும் பக்கம்தான் சாய்கிறது. போன திசைக்கு 180° கூட்டி 124.8° என்று எழுதினால் பிழை. அது கேள்விகளில் அடிக்கடி விழும் இடம்.

கொட்டியாரக்குடா

மேலே சொன்னது முழுக்கச் சரி. இதையே ஒரே படத்தில் செய்யக் கற்றுக்கொண்டால் "காட்டுக" என்று வரும் கேள்விகள் மிகவும் இலகு. "வேக முக்கோணிகளை ஒரே வரிப்படத்தில் வரைக" என்று வந்தாலும் இதுவே போதும்.

புள்ளி அ இலிருந்து காற்றின் காவி (வேகத்தின் பருமனையும் திசையையும் காட்டும் அம்பு) அஆ ஐ வரையுங்கள், நீளம் க. ஆ ஐ மையமாகவும் விமானத்தின் கதி வ ஐ ஆரையாகவும் கொண்டு ஒரு வட்டம். இப்போது அ ஊடாகப் பாதைக்குச் சமாந்தரமாக ஒரு கோடு. அது வட்டத்தை இ, ஈ என்ற இரு இடங்களில் வெட்டும். அஇ என்பது போகும்போது தரைக் கதி, அஈ வரும்போது தரைக் கதி. ஆஇ, ஆஈ என்பவைதான் மூக்கின் திசைகள். கணக்கு முழுவதும் இந்தப் படத்துக்குள் இருக்கிறது.

காற்றுக்கும் பாதைக்கும் இடைக்கோணம் தீற்றா என்றால், ஆ இலிருந்து நாணுக்கு உள்ள செங்குத்துத் தூரம் க சைன் தீற்றா. ஆகவே நாண் இஈ = 2√(வ² − க² சைன்² தீற்றா). அ வட்டத்துக்குள் உள்ள புள்ளி என்பதால் அஇ × அஈ = வ² − க². தூரம் தூ என்றால் மொத்த நேரம் = தூ(1/அஇ + 1/அஈ) = தூ × இஈ ÷ (அஇ × அஈ). அதாவது

மொத்த நேரம் = 2 தூ √(வ² − க² சைன்² தீற்றா) ÷ (வ² − க²).

உங்கள் எண்களைப் போடுங்கள்: 360 × 236.22 ÷ 54,000 = 1.575 மணி = 94.5 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 90. எந்தத் திசையில் வீசினாலும் சீரான காற்று, போய்வரும் நேரத்தைக் கூட்டத்தான் செய்யும். பாதை வழியே வீசினால் மிக அதிகம் (இங்கே 96), செங்குத்தாக வீசினால் மிகக் குறைவு (92.95).

வ > க என்ற நிபந்தனையை எழுத மறக்க வேண்டாம். க பெரிதானால் அ வட்டத்துக்கு வெளியே போய்விடும். அப்போது கோடு வட்டத்தை வெட்டாமலே போகலாம். வெட்டினாலும் இரண்டு புள்ளிகளும் அ இன் ஒரே பக்கத்தில் வரும். போனவர் அதே கோட்டில் திரும்ப முடியாது.

உப்புவெளி_மாணவி

வட்டப் படம் நன்றாக விளங்கிவிட்டது, இருவருக்கும் மிக்க நன்றி. இன்னொன்று: சமபக்க முக்கோணியின் மூன்று பக்கங்கள் வழியே பறந்து தொடங்கிய இடத்துக்கு வந்தால், காற்று முதல் பக்கத்தின் வழியே வீசினால்? மூன்று தனிப்படம் வேண்டுமா?

கொட்டியாரக்குடா

வேண்டாம், அதே வட்டம். அ இலிருந்து 120° இடைவெளியில் மூன்று கதிர்கள் வரையுங்கள். முதலாவது காற்று வழியே, அதன் நீளம் வ + க. மற்ற இரண்டும் அஆ க்குச் சமச்சீர், ஆகவே இரண்டாம் மூன்றாம் பக்கங்களின் நேரம் சமம். அதைக் கேள்வியில் தராவிட்டாலும் படத்தைக் காட்டி எழுதலாம்.

அந்தக் கதிரின் நீளம் √(வ² − 3க²/4) − க/2. தலைகீழாக்கி, பகுதியை விகிதமுறாக்கினால் கீழே வ² − க² வரும். முதல் பக்கத்தின் 1/(வ + க) ஐ (வ − க)/(வ² − க²) என எழுதிக் கூட்டுங்கள். க இரண்டும் வெட்டுப்பட்டுப் போகும்:

மொத்த நேரம் = தூ [வ + √(4வ² − 3க²)] ÷ (வ² − க²).

க = 0 என்று போட்டுப் பாருங்கள், 3தூ/வ வரும். இந்தச் சோதனையை எந்த "காட்டுக" வினாவிலும் இறுதி வரிக்குக் கீழே பென்சிலால் செய்துவிடுங்கள்.

திசைகோள்

கோணத்தை மனத்தால் சரிபார்க்க விமானிகள் பாவிக்கும் ஒரு மட்டுமட்டான விதி உண்டு: குறுக்குக் காற்றை விமானத்தின் கதியால் வகுத்து 60 ஆல் பெருக்குங்கள். 42.43 ÷ 240 × 60 = 10.6°. உண்மை 10.2°. சிறிய கோணங்களுக்கு இது போதும். 30° ஐ விட மிகப் பெரிதாக வருமென்றால் நம்ப வேண்டாம்.

அலகையும் பாருங்கள். விமானநிலைய வானிலை அறிக்கையில் காற்றின் கதி பெரும்பாலும் நொட்டில் இருக்கும், 1 நொட் மணிக்கு 1.852 கிமீ. உங்கள் கணக்கிலுள்ள காற்று அங்கே 270°, 32 நொட் என்று வரும். அந்த 270° காற்று வரும் திசை. காவியை 90° இல் வரைய வேண்டும்.