சிவப்புப் பட்டு ஏன் திட்டாகிறது? கர்வ்ஸை எங்கே போடுவது?

கத்திரிப்பூ:
முகூர்த்தப் படங்களுக்கு கான்ட்ராஸ்ட் ஏற்ற, கர்வ்ஸில் (வெளிச்ச அளவுகளை ஏற்றி இறக்கும் வளைகோட்டுக் கருவி; 0 கருப்பு, 255 வெள்ளை) 64ஐ 50க்கு இறக்கி 192ஐ 206க்கு ஏற்றச் சொல்கிறார்கள். செய்தால் முகம் ஆரஞ்சாகிறது, குங்குமச் சிவப்புப் பட்டில் மடிப்பே தெரிவதில்லை. கர்வ்ஸ் தப்பா, போடும் இடம் தப்பா?

நெகட்டிவ்பெட்டி:
கர்வ்ஸில் தப்பே இல்லை. போட்டுவிட்டு சாச்சுரேஷனை (நிறச்செறிவை) 15 குறையுங்கள், முடிந்தது. ஆயிரம் படம் கிடக்கும்போது லேயர் லேயராக அடுக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஒளிமானி:
முடியாது சார். சாச்சுரேஷனைக் குறைத்தால் ஜரிகையும் வாழையிலையும் சேர்ந்தே வெளுக்கும். கோளாறு வேறிடத்தில். ஆர்ஜிபி கர்வ்ஸ் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலையும் தனித்தனியாக இழுக்கும். 200, 150, 120 என்ற முகநிறம் இந்தக் கர்வில் 214, 157, 117 ஆகும். சிவப்புக்கும் நீலத்துக்கும் இருந்த இடைவெளி 80லிருந்து 97. ஆரஞ்சு அதுதான். போட்டோஷாப்பில் கர்வ்ஸை அட்ஜஸ்ட்மென்ட் லேயராக (படத்தின் மேல் தனி அடுக்காக) போட்டு பிளெண்ட் மோடை லுமினாசிட்டிக்கு (வெளிச்சம் மட்டும் மாறும், நிறம் மாறாது) மாற்றுங்கள். அதே முகம் 208, 158, 128இல் நிற்கும், இடைவெளி பழைய 80தான். கிம்பில் லேயரை டூப்ளிகேட் செய்து, மேலுள்ளதில் கர்வ்ஸ் போட்டு, மோடை லுமினன்ஸ் ஆக்கினால் ஏறக்குறைய இதே பலன். போட்டோஷாப்பில் இந்தப் படிகளை ஒருமுறை ஆக்‌ஷனாகப் பதிந்துவிட்டால் ஆயிரம் படமும் தானே ஓடும்.

நெகட்டிவ்பெட்டி:
முகம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெளிச்சம் மட்டும் ஏறி நிறம் அப்படியே நின்றால் மஞ்சள், மாலை எல்லாம் சோகையாகத் தெரியும். கொஞ்சம் நிறம் ஏறுவதைத்தான் கண் "பளிச்" என்கிறது. லேயர் ஒபாசிட்டி (அடுக்கின் அழுத்தம்) 50% வைத்தால் பாதி பாதி கிடைக்கும். அது கிடக்கட்டும், கேட்டவர் பட்டைக் கேட்டார். அதற்கு உங்கள் லுமினாசிட்டி என்ன செய்யும்?

பாவுநூல்:
ஒன்றும் செய்யாது. இருவருமே பட்டை விட்டுவிட்டீர்கள். வெயில் படும் மடிப்பு 250, 40, 50 என்றும், உள்மடிப்பு 150, 10, 20 என்றும் வைத்துக்கொள்வோம். லுமினாசிட்டி மோடின் கணக்கு: சிவப்பில் 30%, பச்சையில் 59%, நீலத்தில் 11%. அதன்படி முதலாவது 104, இரண்டாவது 53. கண்ணைப் பறிக்கும் சிவப்பு இந்தக் கணக்கில் பாதிக்கும் கீழே! கர்வுக்குப் பிறகு 97, 53. அதாவது 51 படி வித்தியாசம் 44 ஆகிவிட்டது. நார்மல் மோடானாலும் லுமினாசிட்டியானாலும் அதே 44தான். சிவப்புத் துணியில் பச்சையும் நீலமும் அடிமட்டத்தில் இருக்கும், எஸ் வடிவக் கர்வ் அந்த அடிமட்டத்தைத்தான் நசுக்கும்.

லேப் மோடுக்கு (வெளிச்சத்தை எல் என்றும் நிறத்தை ஏ, பி என்றும் பிரித்து வைக்கும் முறை) போய் எல் சேனலில் மட்டும் இதே கர்வைப் போட்டுப் பாருங்கள். அங்கே இந்த மடிப்புகள் நூற்றுக்குச் சுமார் 54, 31. இரண்டும் கர்வின் செங்குத்தான நடுப்பகுதியில் விழும், மடிப்பு விரியும். முதலில் 16 பிட் ஆக்கிக்கொள்ளுங்கள்; 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிதான், மோடு மாறும்போது அதிலும் இழப்பு உண்டு.

ஒளிமானி:
மடிப்புக் கணக்கை நான் பார்க்கவில்லை, சரிதான். ஆனால் எல் சேனலை இறக்கினால் உள்மடிப்பின் நிறச்செறிவு குறையாது. அவ்வளவு இருண்ட, அவ்வளவு அடர்ந்த சிவப்புக்கு எஸ்ஆர்ஜிபியில் (திரைகளின் வழக்கமான நிற வரம்பில்) இடமில்லை. திரும்பி வரும்போது பச்சை சேனல் பூஜ்ஜியத்தில் முட்டும்.

பாவுநூல்:
முட்டும். அதனால்தான் பட்டு மட்டும் மாறும்படி மாஸ்க் போட்டு, ஏ, பி இரண்டையும் 10% குறைக்க வேண்டும்.

நெகட்டிவ்பெட்டி:
மாஸ்க் என்றதும் ஆக்‌ஷன் போச்சு! பேசாமல் ரா கன்வர்ட்டரிலேயே (கேமராவின் மூலக் கோப்பைப் படமாக்கும் மென்பொருள்) சிவப்பின் சாச்சுரேஷனை முதலில் 10, 15 குறைத்துவிட்டு அப்புறம் கர்வ்ஸ் போடுகிறேன். பச்சையும் நீலமும் அடிமட்டத்திலிருந்து கொஞ்சம் எழும், நசுங்குவது குறையும். உதடும் குங்குமமும் கொஞ்சம் வெளுக்கும், அது தெரிந்த நஷ்டம்.

ஒளிமானி:
அப்படியானால் ஹிஸ்டோகிராமை (அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பு சேனலுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள் சார். வெளிச்ச ஹிஸ்டோகிராம் நடுவில் சமர்த்தாக நிற்கும், சிவப்பு மட்டும் 255இல் ஒட்டிக்கிடக்கும். ஜேபெக்கில் அது ஒட்டிவிட்டால் லேப்பும் மீட்காது, மாஸ்க்கும் மீட்காது. ரா கோப்பு இருந்தால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் இறக்கி, அதிலிருந்து மறுபடி ஜேபெக் எடுக்கலாம்.