வானிலை அறிவிப்பு உண்மையிலேயே தேறியிருக்கிறதா? எதை வைத்து அளப்பது?

பாரமானி:

வானிலை முன்னறிவிப்பு பத்தாண்டுக்கு ஒரு நாள் வீதம் தேறி வருகிறது என்று எங்கு பார்த்தாலும் எழுதுகிறார்கள். இன்றைய ஆறாம் நாள் அறிவிப்பு, பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்தாம் நாள் அறிவிப்புக்குச் சமம் என்று பொருள். கணக்கில் தப்பில்லை. எதை அளந்து போட்ட கணக்கு என்பதுதான் என் கேள்வி. 500 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) அழுத்தம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்திருக்கிறார்கள். அது தரைக்கு மேலே சுமார் ஐந்தரை கிலோமீட்டர். கான்கிரீட் போடுகிறவரும் படகு இறக்குகிறவரும் கேட்பது, நாளை மாலை இங்கே மழை உண்டா என்று. அந்தக் கேள்விக்கு இத்தனை முன்னேற்றம் கிடையாது.

இன்னொன்று. பிரிட்டனில் 1861 ஆகஸ்டில் கடற்படை அதிகாரி ஃபிட்ஸ்ராய் நாளிதழில் பொது அறிவிப்பைத் தொடங்கியபோது, ஜோசியம் என்ற எண்ணம் வரக்கூடாது என்றே தன் அறிவிப்புக்கு "ஃபோர்காஸ்ட்" என்று தனிச் சொல் தேடி வைத்தார். இன்றைய வானிலைச் செயலி பதினான்காம் நாள் மாலை 4 மணிக்கு மேகப் படமும் 27 டிகிரியும் காட்டுகிறது. அந்த மணிக்கணக்கைத் தாங்கும் அறிவு யாரிடமும் இல்லை.

ஏழாம்நாள்:

பாரமானி ஐயா, 500-ஐ எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தரையில் தாழ்வழுத்தம் எங்கே உருவாகும், எந்தப் பக்கம் நகரும் என்பதை நடு வளிமண்டல அலைகள்தான் தீர்மானிக்கின்றன. மலை, மண் ஈரம், கட்டடம் என்ற தரைக் குழப்பங்கள் அங்கே குறைவு என்பதால் ஒரு மாடலை, அதாவது வானிலையைக் கணிக்கும் கணினிக் கணக்கை, இன்னொன்றோடு நேராக ஒப்பிடலாம்.

அளக்கும் விதம் இதுதான். அந்தத் தேதிக்குரிய நீண்டகாலச் சராசரியை முன்கணிப்பிலிருந்தும் கழிக்க வேண்டும், நடந்ததிலிருந்தும் கழிக்க வேண்டும். மிஞ்சும் இரண்டு விலகல்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். 1 என்றால் முழுப் பொருத்தம். 0.6-க்குக் கீழே போனால் அந்த வரைபடத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஐரோப்பிய நடுத்தர கால முன்கணிப்பு மையத்தின் மாடல், வட அரைக்கோளத்தில் 1980-களின் தொடக்கத்தில் ஐந்தரை நாள் வாக்கில் 0.6-ஐத் தொட்டது. இன்று அதைவிடச் சில நாட்கள் கழித்துத்தான் தொடுகிறது.

தென் அரைக்கோளக் கதை இன்னும் முக்கியம். பெரும்பகுதி கடல், மேல்வானத்தை அளக்கப் பலூன் விடும் நிலையங்கள் குறைவு, அதனால் அந்தக் காலத்தில் வடக்கைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தது. செயற்கைக்கோள் தரவை மாடலுக்குள் சரியாக ஏற்றக் கற்றுக்கொண்ட பிறகு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

தரை விஷயமும் சொல்கிறேன். அட்லாண்டிக் புயல்களின் 3 நாள் பாதைப் பிழை 1990-ல் இருந்ததில் இன்று பாதிகூட இல்லை. 2012-ல் சாண்டி புயல் வழக்கம்போல் வடகிழக்கே கடலுக்குள் போகாமல் இடப்பக்கம் திரும்பி அமெரிக்கக் கரையில் ஏறியது. அந்தத் திருப்பத்தை ஐரோப்பிய மையம் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே காட்டியது.

மழைமானி:

இரண்டு பேரும் மேலே போவதற்கு முன், "இத்தனை சதவீதம் சரி" என்ற பேச்சை யாரும் இங்கே கொண்டு வராமல் இருக்க ஒரு பழைய கணக்கைப் போட்டு வைக்கிறேன்.

1884-ல் அமெரிக்காவில் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழலுக்கு, அதாவது டோர்னேடோவுக்கு, "வரும்", "வராது" என்று மொத்தம் 2803 கணிப்புகள் கொடுத்தார். "வரும்" என்றது 100 தடவை. அதில் வந்தது 28, வராதது 72. "வராது" என்றது 2703 தடவை. அதில் வராதது 2680, சொல்லாமல் வந்தது 23. 28-ஐயும் 2680-ஐயும் கூட்டினால் 2708. ஆக 96.6 சதவீதம் சரி என்று வெளியிட்டார். உடனே கில்பர்ட் என்பவர் மறுப்பு எழுதினார்: கண்ணை மூடிக்கொண்டு 2803 தடவையும் "வராது" என்று சொல்லியிருந்தால் 2752 சரி, அதாவது 98.2 சதவீதம்!

அதற்காக ஃபின்லியிடம் சரக்கே இல்லை என்று ஆகிவிடாது. நடந்த 51 சுழல்களில் 28-ஐப் பிடித்திருக்கிறார், பாதிக்கு மேல். எச்சரிக்கை கொடுத்த நூறில் 72 வீண். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் ஓர் அறிவிப்பின் தரம் தெரியும். "தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்பதற்கும் இதே உரைகல்தான். தட்டான் தாழப் பறந்தும் மழை வராத நாட்களை யாரும் எண்ணி வைப்பதில்லை. பறந்து மழை வந்த நாள் மட்டும் மனதில் நிற்கிறது.

பாரமானி:

மழைமானியின் கணக்கை அப்படியே ஏற்கிறேன். அதே அளவுகோலை ஏழாம்நாளும் ஏற்கட்டும்.

பாதை தேறியது. வலிமை? 2023 அக்டோபரில் மெக்சிகோவின் அகபுல்கோவைத் தாக்கிய ஓட்டிஸ் ஒரே நாளுக்குள் சாதாரண வெப்பமண்டலப் புயலிலிருந்து மிகக் கடுமையான ஐந்தாம் வகைக்கு ஏறி, அதே வேகத்தில் கரையைக் கடந்தது. முக்கிய மாடல்கள் இதைக் காட்டவில்லை. காரணம் தெரிந்ததுதான். புயலின் மையச் சுவர் சில பத்துக் கிலோமீட்டர் அளவு. அதற்குள் நடப்பதை மாடல் பூமியைப் பிரித்துக்கொள்ளும் கட்டம் பிடிக்கவில்லை, கடலுக்கு மேலே போதுமான நேரடி அளவீடும் இல்லை.

வெப்பச்சலன மழைக்கும், அதாவது சூடான காற்று மேலெழுந்து பெய்யும் இடிமழைக்கும், இதே நோய். ஒரு மாடலின் கட்டம் 9 கிலோமீட்டர் என்றால், அது 9 கிலோமீட்டர் மேகத்தை வரையும் என்று பலர் நினைக்கிறார்கள். வரையாது. ஓர் உருவம் ஒழுங்காகத் தெரிய நான்கிலிருந்து எட்டுக் கட்டங்கள் வேண்டும். அதாவது 40 முதல் 70 கிலோமீட்டர். இடிமேகம் ஒன்று 5, 10 கிலோமீட்டர்தான். அதை மாடல் நேராகக் கணக்கிடாமல், இந்தக் கட்டத்தில் இவ்வளவு ஈரமும் இவ்வளவு நிலையின்மையும் இருந்தால் சராசரியாக இவ்வளவு மழை என்று ஒரு சூத்திரத்தில் அடக்கிவிடுகிறது. அதனால்தான் ஓரிடத்தில் 60 மி.மீ. கொட்டி, பக்கத்தில் சொட்டுகூட விழாத நாளில் மாடல் எல்லா இடத்துக்கும் 8 மி.மீ. என்று பரப்பி வைக்கிறது. செயலி அந்த 8-ஐ எடுத்து உங்கள் தெருவுக்குப் போடுகிறது.

கீழ்க்காற்று:

பழைய முறைக்கு ஆதரவா ஒண்ணு, எதிரா ஒண்ணு சொல்லிக்கிறேன்.

கடல்ல பாரமானி, அதான் காற்றழுத்தம் அளக்கிற கருவி, இன்னிக்கும் கைகொடுக்கும். ஆனா ஐரோப்பாவுல எழுதின "முள் இறங்கினா மழை" விதியை வெப்பமண்டலத்துல அப்படியே வச்சுக்கிட்டா தினமும் ஏமாறணும். இங்க அழுத்தம் காலை 10 மணி வாக்குல உச்சம், மாலை 4 மணிக்குக் குறைவு, திரும்ப இரவு 10-க்கு உச்சம், விடியல் 4-க்குக் குறைவு. வானம் தெளிவா இருக்கிற நாள்லகூட 3 ஹெக்டோபாஸ்கல் வரைக்கும் இறங்கி ஏறும். அதனால நேத்து இதே மணிக்கு என்ன இருந்துச்சுன்னுதான் ஒப்பிடணும். இந்த தினசரி ஏற்ற இறக்கத்தைக் கழிச்ச பிறகும், அந்தப் பருவத்துச் சராசரியைவிட 3 குறைஞ்சா புயல் இருக்கலாம்னு சந்தேகப்படணும். 5 குறைஞ்சா சந்தேகத்துக்கே இடமில்ல. கடலோடிகளோட கைவிதி இது.

எதிரா என்னன்னா, முள் இறங்கி முடிவெடுக்கிற நேரத்துல கையில மிஞ்சுறது ஒரு நாள்கூட இருக்காது. மூணு நாள் முன்னாடி பாதை தெரிஞ்சா கப்பலையே வேற பக்கம் திருப்பிடலாம். இதுல பழசையும் புதுசையும் ஒப்பிடவே முடியாது.

ஏழாம்நாள்:

ஓட்டிஸ் விஷயத்தில் வாதாட மாட்டேன், அது தோல்விதான். ஆனால் எந்தத் தோல்வி தரவால் வந்தது, எது இயற்கையின் எல்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் அறிவியலாளர் ரிச்சர்ட்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1910 மே 20-ம் தேதி நிலவரத்தை வைத்து, சமன்பாடுகளைக் கையாலேயே தீர்த்து, 6 மணி நேரத்துக்கான கணிப்பைப் போட்டார். 1922-ல் வெளியிட்டார். விடை: அழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும். உண்மையில் அன்று அழுத்தம் அசையவே இல்லை எனலாம். சமன்பாடு தப்பு என்று பலர் நினைத்தார்கள். தப்பு அங்கே இல்லை. அவர் எடுத்த காற்று அளவும் அழுத்த அளவும் ஒன்றுக்கொன்று இசையவில்லை. அந்தச் சிறு முரண் வேகமான ஈர்ப்பலைகளை (காற்று மேலும் கீழும் ஆடுவதால் வரும் அலைகளை) கிளப்பிவிட்டது, கணக்கு அதை வானிலை என்று எண்ணிக்கொண்டது. பின்னாளில் தொடக்கத் தரவைச் சமன்படுத்தி அதே கணக்கை ஓட்டியபோது இயல்பான சிறிய எண்தான் வந்தது. இன்றைய மாடல்களில் தரவைப் பொருத்தும் வேலைக்கு இவ்வளவு செலவிடுவது இதனால்தான். பலூன், விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாம் ஒன்றோடொன்றும் இயற்பியலோடும் இசைந்தால்தான் முதல் அடியே வைக்க முடியும்.

இது தரவுக் கோளாறு, சரிசெய்யலாம். கணினியில் வானிலைக் கணக்கை ஓட்டிப் பார்த்த லோரன்ஸ் என்ற ஆய்வாளர் கண்டது வேறு. 0.506127 என்ற எண்ணை 0.506 என்று வெட்டிப் போட்டார், கொஞ்ச நேரத்தில் விடை வேறு உலகத்துக்குப் போய்விட்டது. பெரிய அலைகளில் இப்படிப்பட்ட பிழை இரட்டிப்பாக ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். இடிமேகத்தில் மணிக்கணக்கில் இரட்டிக்கும். ஆகவே அடுத்த வாரத்து இடிமழை எந்தத் தெருவில் என்பது எந்தக் கணினிக்கும் கிட்டாது. அதற்கு ரேடாரைப் பார்த்து ஒன்று, இரண்டு மணி நேரத்துக்குச் சொல்வதுதான் வழி.

இதற்காகத்தான் 1992-ல் குழுமக் கணிப்பு வந்தது. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி மாடலைப் பல தடவை ஓட்டுவது. ஐரோப்பிய மையம் இப்போது 51 தடவை ஓட்டுகிறது. 51-ம் ஒரே பக்கம் போனால் தைரியமாகச் சொல்லலாம், சிதறினால் இன்று தெரியாது என்று சொல்லலாம். பிழை எவ்வளவு வரக்கூடும் என்று அறிவிப்போடு சேர்த்தே சொல்வது பழைய காலத்தில் அபூர்வம். முன்னேற்றத்தில் பெரியது இதுதான் என்பது என் கருத்து.

கீழ்க்காற்று:

அந்தச் சதவீதத்தைப் படிக்கிறதுல ஒரு சிக்கல். 2 மணியிலேர்ந்து 8 மணி வரைக்கும் ஒவ்வொரு மணிக்கும் 30%ன்னு செயலி போடுது. அப்போ அன்னிக்கு மழை வர வாய்ப்பு 30 தானா?

மழைமானி:

30-ஆக இருக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மணியும் தனித்தனி என்றால் ஆறு மணியும் தப்பிக்கும் வாய்ப்பு 0.7-ஐ ஆறு தடவை பெருக்கியது, 0.12. மழை வாய்ப்பு 88%. ஆறும் ஒரே மேகக்கூட்டத்தைப் பொறுத்தது என்றால் 30%. உண்மை நடுவில் எங்கோ இருக்கும், மணிவாரி எண்ணிலிருந்து அதை எடுக்க முடியாது. நாள் முழுவதற்கும் ஓர் எண் தனியாகக் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள்.

செயலியைச் சோதிக்க நினைப்பவர்களுக்கு முறை சொல்கிறேன். மழைமானிக் கருவியைத் திறந்த இடத்தில் வையுங்கள். சுற்றி இருக்கும் சுவரோ மரமோ மானியின் வாயைவிட எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்க வேண்டும். தினமும் ஒரே மணிக்கு அளவெடுங்கள். எத்தனை மி.மீ. வந்தால் மழை நாள் என்று தொடங்கும்போதே முடிவுசெய்து, நடுவில் மாற்றாதீர்கள். முந்தின நாள் அதே மணிக்குச் செயலி சொன்ன சதவீதத்தையும் எழுதுங்கள். மழை வந்தால் 1, வராவிட்டால் 0. சதவீதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்குங்கள். 80% சொல்லி வந்தால் 0.04, வராவிட்டால் 0.64. எல்லா நாளுக்கும் சராசரி எடுத்தால் அதுதான் 1950-ல் பிரையர் கொடுத்த மதிப்பெண். சிறியதாக இருந்தால் நல்லது.

பிறகு ஒப்பீடு. உங்கள் பருவத்தில் ஐந்தில் ஒரு நாள் மழை என்றால், தினமும் 20% என்றே சொல்கிறவருக்கு 0.16 வரும். செயலிக்கு 0.12 வந்தால் கால் பங்கு மேல். 0.16-ஐத் தாண்டினால் அதைப் பார்ப்பதே வீண். பொறுமை மட்டும் வேண்டும். 30% சொன்ன 20 நாட்களில் 6 நாள் மழை எதிர்பார்க்கலாம், ஆனால் 4 வந்தாலும் 8 வந்தாலும் குறைசொல்ல இடமில்லை. நூறு நாளாவது எழுதாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பாரமானி:

இந்த முறையை மனமார வரவேற்கிறேன். செயலி தயாரிப்பவர்களே இப்படி எண்ணி வெளியிட்டால் என் சண்டையில் பாதி தீரும்.

மீதிப் பாதி செயற்கை நுண்ணறிவு மாடல்கள். ஒரு நிமிடத்துக்குள் பத்து நாள் கணிப்பு என்கிறார்கள். சராசரி வர்க்கப் பிழையைக் குறைக்கப் பழக்கிய மாடல், சந்தேகம் வந்தால் நடுவில் போய் நிற்கும். மழை மையத்தை 50 கிலோமீட்டர் தள்ளிப் போட்டால் இரண்டு தண்டனை: இல்லாத இடத்தில் போட்டதற்கு ஒன்று, இருந்த இடத்தில் போடாததற்கு ஒன்று. மழுக்கிப் பரப்பினால் தண்டனை குறைவு. அதனால் நாள் ஏற ஏற உச்சங்கள் கரைகின்றன. மதிப்பெண் ஏறும், பெருமழை காணாமல் போகும். ஓட்டிஸ் போன்ற ஒன்றுக்கு இவை என்ன செய்யும்?

ஏழாம்நாள்:

2023-ல் வந்தவற்றுக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும். 2024-ல் வந்த கூகுளின் ஜென்காஸ்ட் போன்றவை சராசரியைத் தேடாமல் நடக்கக்கூடிய பல நிலைகளைத் தனித்தனியாக வரைகின்றன. மழுங்கல் அங்கே வெகுவாகக் குறைவு. ஐரோப்பிய மையமும் தன் சொந்த நுண்ணறிவு மாடலை 2025 பிப்ரவரியில் பழைய மாடலோடு அருகருகே அன்றாட ஓட்டத்தில் சேர்த்திருக்கிறது. ஆனால் இவற்றின் தொடக்க நிலையை இன்னும் பழைய இயற்பியல் மாடலும் பலூனும் செயற்கைக்கோளும்தான் தருகின்றன. பயிற்சித் தரவும் அங்கிருந்து வந்ததுதான். கடலுக்கு மேலே அளவீடு இல்லாத குறையை எந்த நுண்ணறிவு மாடலும் நிரப்பாது.

பாரமானி:

அப்படியானால் ஐந்தாம் நாளுக்குப் பிறகு மணிவாரிப் படங்களை எடுத்துவிட்டு, 51-ல் எத்தனை மழை காட்டின என்ற எண்ணை மட்டும் போடட்டும்.

ஏழாம்நாள்:

மழைக்கு ஒப்புக்கொள்கிறேன். வெப்பநிலைக்கு ஒப்பமாட்டேன். பகல் உச்சமும் விடியல் நீச்சமும் ஏழாம் நாளில்கூடப் பருவச் சராசரியைவிட மேலான தகவல்தான், வீச்சையும் சேர்த்துப் போட்டால். 27 என்று போடுவதற்குப் பதில் 25 முதல் 30 வரை என்று போடச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.